வேர்க்கடலை வேரில் காய்ப்பதில்லை: பொக்குக் காய், ஜிப்சம், மல்லாட்டை, கச்சான்

#1 செம்மண்காடு

திருவண்ணாமலைப் பக்கம். செம்மண், கிணற்றுப் பாசனம், மார்கழிப் பட்டம், ரகம் டி.எம்.வி. 7. விதைத்து 103 நாள் ஆகிறது. செடி நல்ல பச்சை, நோய் பெரிதாக இல்லை. அடியுரம் தொழுவுரம், டி.ஏ.பி., பொட்டாஷ். பூ எடுத்த சமயம் இன்னொரு தரம் பொட்டாஷ். நாலு செடி பிடுங்கிப் பார்த்தால் காய் முழு அளவில் இருக்கிறது, உடைத்தால் பத்துக்கு நாலு பொக்கு, உள்ளே பருப்பு இல்லை. வேருக்கு என்ன சத்துக் குறைந்தது? அடுத்த பட்டத்தில் எதை மாற்ற வேண்டும்?

#2 கொத்துக்களை

முதலில் அந்தப் பொக்குக் காய்களைப் பிரித்துப் பாருங்கள். ஓடு கெட்டியாக, மேல் நரம்பு தெளிவாக ஓடி, உள்ளே சுருங்கின தோல் மட்டும் கிடந்தால் அது சுண்ணாம்புச் சத்துக் குறை. ஒரு அறையில் பருப்பும் அடுத்த அறை காலியுமாக இருந்தாலும் அதுவே. ஓடு வெளுத்துப் பஞ்சு மாதிரி இருந்து, அமுக்கினால் தண்ணீர் விட்டால் அது பொக்கே இல்லை, பிந்தி இறங்கிய விழுதின் இளங்காய். ஓட்டில் துளை இருந்தால் பூச்சி. நீங்கள் சொல்வது முதல் வகை என்று தெரிகிறது.

உறுதி செய்ய ஒரு சோதனை. நல்ல பருப்பு என்று தோன்றுகிற பத்தை எடுத்து இரண்டாகப் பிளந்து, நுனியில் ஒட்டியிருக்கிற முளைக்கருவைப் பாருங்கள். வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும். கறுத்திருந்தால் அங்கேயும் சுண்ணாம்பு போதவில்லை. பருப்பின் உள்பக்கம் நடுவில் குழிந்து பழுப்பாக இருந்தால் போரான் குறை.

இனி "வேருக்கு என்ன சத்து" என்ற கேள்வி. கடலைக்காய் வேரில் இல்லை. செடியை இழுத்துப் பிடுங்காமல் சுற்றிலும் ஒரு சாண் விட்டு மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் அரை மணி ஊறவிட்டு அலசுங்கள். ஒரு காயைப் பிடித்துக்கொண்டு அதன் காம்பு வழியாக விரலை மேலே கொண்டு போங்கள். அது மண்ணைத் தாண்டி மேலே வந்து, தண்டில் ஒரு இலைக் கக்கத்தில் போய் முடியும். அதுதான் விழுது. வேர் கிளை கிளையாகப் பிரியும், அதில் கடுகு அளவு முண்டுகள் இருக்கும். விழுது கிளை விடாது, நூல் பிடித்த மாதிரி இறங்கும், மண்ணுக்கு மேலே தெரிகிற பகுதி ஊதா படர்ந்திருக்கும். இந்த வித்தியாசத்தை ஒரு தரம் கையால் பார்த்துவிட்டால் உரம் எங்கே போட வேண்டும் என்பது தானாக விளங்கும்.

அந்த முண்டுகளில் நாலைந்தை நகத்தால் நசுக்கியும் பாருங்கள். உள்ளே சிவந்திருந்தால் நுண்ணுயிர் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தருகிறது. பச்சையாகவோ சாம்பலாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை.

#3 பூவிதழ்

பூவைப் பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன், ஏனென்றால் பிழையான எண்ணம் அங்கேதான் தொடங்குகிறது.

விதைத்த 25, 30 நாளில் மஞ்சள் பூ எடுக்கும். விடியலில் விரியும், உச்சி வெயிலுக்குள் வாடிவிடும். பூவின் காம்பு என்று நாம் நினைப்பது காம்பில்லை, உள்ளே கூடான மெல்லிய குழல். சூலகம் அந்தக் குழலின் அடியில், இலைக் கக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. தன் மகரந்தத்தாலேயே கருவுற்றுவிடும், வண்டு வர வேண்டியதில்லை. பூ உதிர்ந்த ஒரு வாரத்தில் சூலகத்துக்கு அடியிலிருக்கும் திசு நீள ஆரம்பிக்கிறது. சூலகத்தை நுனியில் சுமந்துகொண்டு நேராக மண்ணைப் பார்த்து இறங்குகிறது. மண்ணுக்குள் 4, 5 சென்டிமீட்டர் போனதும் படுக்கைவாட்டில் திரும்பி, அப்புறம்தான் காயாகப் பருக்கிறது. இருட்டு வேண்டும், ஈரம் வேண்டும், சுற்றிலும் மண் தொட வேண்டும். வெளிச்சத்திலேயே தொங்கும் விழுது எத்தனை நாளானாலும் காயாகாது.

தரையிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேலே பூத்த பூவின் விழுது பெரும்பாலும் மண்ணைத் தொடாமலே காய்ந்துபோகும். மண் அணைப்பதன் பயன் இங்கேதான். செம்மண்ணில் மேல்மண் இறுகிப் பொருக்குத் தட்டினால் தொட்ட விழுதும் உள்ளே இறங்க முடியாமல் நுனி மழுங்கும்.

சீனத்தில் இதற்கு "லுவோ ஹுவா ஷெங்" என்று பெயர். பூ உதிர்ந்து பிறப்பது என்று பொருள். உலகத்தில் கடலைக்கு இருக்கிற பெயர்களிலேயே செடியைக் கூர்ந்து பார்த்து வைத்த பெயர் இதுதான் என்பது என் எண்ணம்.

#4 செம்மண்காடு

பிளந்து பார்த்தேன். பத்துப் பருப்பில் மூன்றில் முளைக்கரு கறுப்பு. குழி இல்லை. சுண்ணாம்புச் சத்துக்குப் போடுகிற ஜிப்சம் போடவில்லை. ஒரு சந்தேகம்: வேர் எடுத்த சுண்ணாம்புச் சத்து செடி முழுக்கப் போகும்தானே? காய்க்கு மட்டும் ஏன் தனியாகப் போட வேண்டும்?

#5 கொத்துக்களை

கடலை சாகுபடியில் இதைப் புரிந்துகொள்வதுதான் முக்கியம், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வேர் உறிஞ்சிய தண்ணீரை மேலே இழுப்பது இலை. இலையிலிருந்து நீராவி வெளியேற வெளியேறத் தண்ணீர் ஏறுகிறது, அதோடு கரைந்த சுண்ணாம்புச் சத்தும் ஏறுகிறது. இலைக்குப் போனது அங்கேயே தங்கிவிடும். இலையில் செய்த சர்க்கரை கீழே இறங்குகிற பாதை வேறு, அந்தப் பாதையில் சுண்ணாம்பு அநேகமாகப் போகாது. காயோ ஈர மண்ணுக்குள் புதைந்து கிடக்கிறது. அதிலிருந்து நீராவி போவதில்லை, அதனால் அது வேரிலிருந்து தண்ணீரை இழுப்பதும் இல்லை. ஆக, இலை பச்சைப்பசேல் என்று இருக்கும்போதே காய் பட்டினி கிடக்கும். செடி செழித்தும் காய் பொக்கானது இதனால்தான்.

காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்பைத் தன் ஓட்டின் வழியாகத் தானே சுற்றியுள்ள மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கிறது. காய் கிடப்பது மேல்மண்ணின் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குள். அந்த மண்ணில் கரைந்த நிலையில் சுண்ணாம்பு இருக்க வேண்டும், ஈரமும் இருக்க வேண்டும். ஜிப்சம் கிடந்தும் மேல்மண் காய்ந்துவிட்டால் பயன் இல்லை.

இரண்டாம் தரம் போட்ட பொட்டாஷ் உங்களுக்குக் கூடுதல் கெடுதல் செய்திருக்கிறது. காய் கிடக்கும் மண்ணில் சாம்பல்சத்து மிகுந்தால் அது சுண்ணாம்போடு போட்டி போட்டு அதை உள்ளே போகவிடாது. பொட்டாஷ் முழுவதையும் அடியுரமாகவே உழவில் கலந்துவிட வேண்டும்.

#6 உரக்கணக்கு

அளவு: ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம், ஏக்கருக்கு 160. பாதியை அடியுரமாகக் கடைசி உழவில் போட்டு, மீதி 80 கிலோவை 40 முதல் 45ஆம் நாளுக்குள் செடியின் தூரையொட்டி இரண்டு பக்கமும் தூவி, கொத்தி, உடனே மண் அணைக்க வேண்டும். அணைத்த கையோடு தண்ணீர். 45 நாளுக்குப் பிறகு மண்ணைக் கிளறவே கூடாது, இறங்கிக்கொண்டிருக்கும் விழுது அறுந்துபோகும். களை இருந்தால் கையால் பிடுங்கலாம், கொத்து போடக்கூடாது.

சுண்ணாம்புக்கல் தூள் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை 40ஆம் நாளில் தூவுகிறவர்கள் உண்டு. அது கரைய மாதக்கணக்கில் ஆகும், காய் பருக்கும் காலத்துக்குள் எட்டாது. ஜிப்சம் தண்ணீரில் கரையும், கூடவே கந்தகமும் தரும். கந்தகம் எண்ணெய்க்கு வேண்டும். சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் ஜிப்சம் தேவைப்படாது. அங்கே வருகிற தொல்லை வேறு: 30 நாளில் இளந்தளிர் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். அது இரும்புச்சத்துக் குறை. ஒரு சதம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைசலை 30, 40, 50ஆம் நாள்களில் மாலை வேளையில் தெளித்தால் தேறும்.

பருப்பில் குழி இருந்தால் ஏக்கருக்கு 4 கிலோ போராக்ஸை அந்த 80 கிலோ ஜிப்சத்தோடு கலந்து போடலாம். போரான் கூடினால் நஞ்சு, இலை ஓரம் கருகும். குறை இருப்பது தெரியாமல் போடாதீர்கள். செம்மண்காடு அண்ணாவுக்கு இது வேண்டாம்.

பருமனான பருப்பு உள்ள ரகங்களுக்குச் சுண்ணாம்புத் தேவை இன்னும் அதிகம் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

#7 சொல்லடி

"வேருக்கு என்ன சத்து" என்று கேட்க வைத்தது அந்தப் பெயர்தான் என்று நினைக்கிறேன். வேர்க்கடலை என்ற பெயர் தமிழில் மட்டும் இல்லை. தெலுங்கில் "வேருசெனக", அதே பொருள். நிலக்கடலை என்பதற்கு ஈடாக மலாயில் "காச்சாங் தானா", மண் பயறு. மெக்சிகோவின் நாவாட்ல் மொழிப் பெயருக்கு மண் கக்காவோ (கோகோ) என்று பொருள், ஸ்பானியச் சொல் "காகவேத்தே" அதிலிருந்து வந்தது. தாவரவியல் பெயரான அராக்கிஸ் ஹைப்போஜியாவில் பின்பாதி "நிலத்துக்கு அடியில்" என்பதே. ஆங்கிலத்தில் பட்டாணியையும் கொட்டையையும் ஒட்டவைத்து "பீநட்". அதில் பட்டாணி சரி, கொட்டை சரியில்லை. அவரை, துவரை, உளுந்தின் குடும்பம்தான் இது.

இன்னொரு கூட்டம் பெயர்கள், எங்கிருந்து வந்தது என்று சொல்பவை. மலையாளத்தில் கப்பலண்டி, கப்பலில் வந்த கொட்டை. வங்காளத்தில் சீனாபாதாம். சிங்களத்தில் "ரட்டகஜு", அயல்நாட்டு முந்திரி. நம்மிடம் மணிலாக்கொட்டை. விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை, புதுச்சேரிப் பக்கம் அது மல்லாக்கொட்டையாகி, மல்லாட்டையாகி நிற்கிறது. கொச்சை என்று ஒதுக்க வேண்டாம். அந்தச் சொல்லுக்குள் ஒரு கடல்வழி இருக்கிறது. கடலையின் பிறந்த மண் தென்னமெரிக்கா, பொலிவியாவின் தெற்கும் அர்ஜென்டினாவின் வடமேற்கும் சேரும் பகுதி. இரண்டு காட்டினங்கள் கலந்து பிறந்த செடி அது. 1565லிருந்து 1815 வரை மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் ஸ்பானியக் கப்பல்கள் போய்வந்தன. மணிலா என்ற பெயர் அந்தக் கிழக்கு வழியை நினைவில் வைத்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இதே மல்லாட்டை புதுச்சேரியிலிருந்து கப்பலேறி பிரான்சின் மார்செய் துறைமுகத்துக்குப் போனது, அங்கே எண்ணெய்க்கும் சோப்புக்கும்.

பெருவில் சிப்பான் என்ற இடத்தில் 1987இல் திறக்கப்பட்ட பண்டைய மோச்சே நாகரிக அரசன் கல்லறையில் ஒரு கழுத்தணி கிடைத்தது. பொன்னில் பத்து, வெள்ளியில் பத்து கடலைக்காய் கோத்தது. ஓட்டின் வரிப்பள்ளங்கள்கூடத் தெளிவாகத் தெரிகின்றன.

#8 வன்னிக்காற்று

எங்கட பக்கம் நிலக்கடலை எண்டு ஆரும் கேக்கிறேல்லை, கச்சான்தான். வறுத்த கச்சான், அவிச்ச கச்சான், கச்சான் அல்வா. கோயில் திருவிழா எண்டால் வெளிவீதியில கச்சான் கடை வரிசையா இருக்கும். கடலை எண்டு கேட்டால் கொண்டைக்கடலையைத்தான் தருவினம். மலாய்ச் சொல் காச்சாங்கும் எங்கட கச்சானும் ஒண்டுதானோ? தென்மேல் காத்தையும் கச்சான் எண்டு சொல்லுறனாங்கள், அதால குழப்பமாக் கிடக்கு.

வறுக்கிற முறையையும் சொல்லுறன், இந்தியாவில இருக்கிற ஆக்கள் ஓடோட வறுக்கேக்க மேல கருகி உள்ள பச்சையா இருக்கு எண்டு சொல்லக் கேட்டிருக்கிறன். ஆத்து மணலை அரிச்சுக் கழுவிக் காயவைச்சு, தாச்சியில முதல் மணலை மட்டும் நல்லாச் சூடாக்க வேணும். ஒரு கச்சானைப் போட்டால் உடன சடசடக்க வேணும், அதுதான் பதம். பிறகு மணல் மூடுற அளவுக்கு மட்டும் கச்சான் போட்டு விடாமல் கிண்ட வேணும். மணல் எல்லாப் பக்கத்தாலயும் ஒரே சூடு குடுக்கும். பத்து, பன்ரெண்டு நிமிசத்தில ஒண்டை உடைச்சுப் பாருங்கோ. தோல் விரலுக்க கழண்டு, பருப்பு இன்னும் கொஞ்சம் மெதுவா இருக்கேக்கயே இறக்கி அரிச்சுப் பரப்பிவிட வேணும். இறக்கின பிறகும் உள்ளுக்க சூடு நிண்டு வறுபடும். மொறுமொறுப்பு ஆறினாப் பிறகுதான் வரும். அடுப்பிலயே மொறுமொறுப்பு வரட்டும் எண்டு காத்திருந்தால் கைச்சுப் போகும்.

#9 சொல்லடி

வன்னிக்காற்று, மலாயில் "காச்சாங்" என்பது பயறு, கடலை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். நிலக்கடலையைக் குறிக்க "தானா" சேர்க்க வேண்டும். ஒலியும் பொருளும் இவ்வளவு நெருங்குவதால் அந்த வழியாக வந்தது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. காற்றின் பெயரான கச்சான் தனிச்சொல்.

கடலை என்ற சொல்லைப் பற்றி நீங்கள் சொன்னது அருமை. அது நிலக்கடலை வருவதற்கு முன்பே தமிழில் இருந்த சொல், கொண்டைக்கடலையின் சொத்து. புது விருந்தாளி வந்து பழைய பெயரில் பாதியை எடுத்துக்கொண்டான். இன்றைக்குத் தமிழ்நாட்டுக் கடையில் கடலைப்பருப்பு, கடலைமாவு, பொட்டுக்கடலை மூன்றும் கொண்டைக்கடலையிலிருந்து. கடலை எண்ணெய், கடலைமிட்டாய், கடலைப் பிண்ணாக்கு மூன்றும் நிலக்கடலையிலிருந்து. சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள் "ஒரு கப் கடலை" என்று மட்டும் எழுதினால் படிக்கிறவர் எதைப் போடுவார்? கொங்கில் கடலைக்காய் என்றால் சந்தேகமே வராது, அது ஓட்டோடு இருக்கிற நிலக்கடலைதான். காய் என்ற ஒரு சொல் சேர்ந்ததும் தெளிவாகிவிடுகிறது.

#10 செக்குமேடை

பொக்கின் கணக்கை எண்ணெயில் பார்த்தால்தான் நெஞ்சில் தைக்கும். நன்றாக முற்றிய காய் 100 கிலோ உடைத்தால் 70 கிலோ பருப்பு. செக்கில் இரண்டரைக் கிலோ பருப்புக்கு ஒரு லிட்டர் எண்ணெய் என்று வைத்தால் 28 லிட்டர். உடைப்பு 60க்கு இறங்கினால் 24 லிட்டர்தான். அதிலும் பருப்பு சுருங்கியிருந்தால் எண்ணெய்ச் சத்தே குறைவு.

வீட்டுக்கு ஆட்டக் கொண்டுவருகிறவர்களுக்கு: பருப்பை ஒரு வெயில் காயவைத்துக் கொண்டு வாருங்கள். கடித்தால் வழுக்காமல் பட்டென்று உடைய வேண்டும். சொத்தையும் பூசணமும் பொறுக்கிவிட்டு வாருங்கள், நூறு கிராம் காறல் பருப்பு ஒரு டின் எண்ணெயைக் கெடுக்கும். செக்கில் பருப்பு அரைந்து வரும்போது கொஞ்சம் தண்ணீர் தெளித்தால்தான் பிண்ணாக்கு கட்டி எண்ணெய் பிரியும். தெளிக்காவிட்டால் மாவாகவே சுற்றும், அதிகம் தெளித்தால் அந்த ஈரம் எண்ணெயில் தங்கிச் சட்டியில் நுரைக்கும். ஆட்டிய எண்ணெயை அகன்ற பாத்திரத்தில் மெல்லிய துணி கட்டி இரண்டு மூன்று நாள் தெளியவிட்டு, கசடைக் கலக்காமல் மேலாக ஊற்றி எடுங்கள். அந்தக் கசடுதான் முதலில் காறும். செம்பு, பித்தளைப் பாத்திரம் வேண்டாம். எவர்சில்வரோ கண்ணாடியோ, வாய்வரை நிரப்பி, வெளிச்சம் படாமல்.

ஒலியிக் அமிலம் நிறைந்த ரகங்கள் இப்போது வந்திருக்கின்றன, கிர்நார் 4, கிர்நார் 5. அந்தப் பருப்பும் எண்ணெயும் காறல் பிடிக்க வெகுநாள் ஆகும். மிட்டாய் போடுகிறவர்கள் கேட்டு வாங்க வேண்டிய ரகம்.

#11 பாகுப்பதம்

கடலைமிட்டாய் என்றதும் எழுதத் தோன்றுகிறது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கரிசல் மண் கடலையும் வெல்லமும்தான் அதன் அடிப்படை. வீட்டில் செய்ய 500 கிராம் வறுத்துத் தோல் நீக்கிப் பிளந்த பருப்புக்கு 400 கிராம் வெல்லம் போதும்.

வெல்லத்தை 100 மில்லி தண்ணீரில் கரைத்து வடிகட்டி, அடிகனத்த சட்டியில் காய்ச்சுங்கள். பலர் தோற்பது பதத்தில். தக்காளிப் பதம் அதிரசத்துக்கு, மிட்டாய்க்கு அது போதாது. கிண்ணத்துப் பச்சைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, எடுத்து வளைத்துப் பாருங்கள். வளைந்தால் இன்னும் காய்ச்ச வேண்டும். கண்ணாடி மாதிரி படக்கென்று முறிந்து, தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் வர வேண்டும். வெப்பமானி இருந்தால் 145இலிருந்து 150 டிகிரி. 160ஐ நெருங்கினால் கசக்கும்.

பருப்பு கைபொறுக்கும் சூட்டில் இருக்க வேண்டும். ஆறிப்போன பருப்பைக் கொட்டினால் பாகு அங்கங்கே இறுகிக் கட்டி தட்டும். கொட்டிப் பத்து விநாடி புரட்டி, நெய் தடவிய கல்லில் போட்டு உருளையால் ஒரு விரல் கனத்துக்கு இழுத்து, சூடாக இருக்கும்போதே கோடு போட்டுவிடுங்கள். ஆறினதும் தாமதிக்காமல் காற்றுப்புகாத டப்பா. வெல்லம் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். ஐப்பசி மழையில் தட்டில் வைத்த மிட்டாய் மாலைக்குள் பிசுபிசுக்கும். செய்த அன்றே பல்லில் ஒட்டினால் பாகு முற்றவில்லை, மறுநாள் ஒட்டினால் டப்பா சரியில்லை.

பச்சைக்காய் அவிக்க: கிலோவுக்கு 25 கிராம் கல்லுப்பு, மூழ்கத் தண்ணீர், குக்கரில் நாலு விசில். உப்பு உள்ளே ஏறுவது அவியும்போது இல்லை, ஆறும்போது. அதே தண்ணீரில் அரை மணி விட்டு வடியுங்கள். காய்ந்த காயென்றால் முதல்நாள் இரவே ஊறப்போட வேண்டும்.

#12 அரிசிப்பானை

பூசணம் பிடித்த கடலையை நன்றாக வறுத்துவிட்டால் தோஷம் போய்விடும் என்கிறார்களே, சரிதானா? பொறுக்கின சொத்தையை மாட்டுக்குப் போடலாமா?

#13 களத்துமேடு

இரண்டுமே கூடாது. இதில் கொஞ்சமும் தளர்த்திப் பேச முடியாது.

1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. தீவனத்தில் கலந்த பிரேசில் நாட்டுக் கடலைப் பிண்ணாக்கைத் துருவிப் போய்த்தான் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைக் கண்டுபிடித்தார்கள். ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற மஞ்சள் பச்சைப் பூசணம் செய்வது. ஈரலைத் தாக்கும், புற்றுநோய் உண்டாக்கும். வறுத்தால் பூசணம் சாகும், நஞ்சு ஓரளவு குறையும், ஆனால் போகாது. பதப்படுத்தப் போகும் கடலைக்கு உலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் விதித்த எல்லை கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். நேரே சாப்பிடும் கடலைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் அது 4தான். மாட்டுக்குப் போட்டால் நஞ்சு வடிவம் மாறிப் பாலில் வந்து நம்மிடமே திரும்பும். ஆட்டும்போது பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்குவதால் பிண்ணாக்கில்தான் கவனம் அதிகம் வேண்டும்.

இந்தப் பூசணம் மூட்டையில் மட்டும் வருவதில்லை. அறுவடைக்கு முந்தின மூன்று, நாலு வாரம் மண் காய்ந்து சூடேறினால் செடியில் இருக்கும்போதே காய்க்குள் நுழைந்துவிடும். மானாவாரியில் கடைசிக் காலத்தில் ஒரு உயிர்த்தண்ணீர் கொடுக்க வழியிருந்தால் அதுவே மருந்து. அப்புறம் கொத்துப் பட்ட காய், கறையான் கடித்த காய் இவற்றைக் களத்திலேயே தனியாக ஒதுக்குங்கள். பிடுங்கிய செடியைக் காய் மேலே பார்க்கக் கவிழ்த்து வைத்துக் காயவிடுங்கள். குவியல் போட்டால் நடுவில் புழுங்கும். ஆய்ந்த காயை மெல்லிசாகப் பரப்பி, பருப்பின் ஈரம் 7 சதத்துக்கு இறங்கும் வரை காயவையுங்கள். குலுக்கினால் கலகலக்க வேண்டும், பருப்பைத் தேய்த்தால் தோல் உரிய வேண்டும். பனிக்கு முன் மூடுங்கள். மூட்டையைச் சிமெண்டுத் தரையில் நேரே அடுக்காமல் பலகை மேல் அடுக்குங்கள்.

சீக்கிரம் உடைப்பதற்காகக் காயில் தண்ணீர் தெளித்து இயந்திரத்தில் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. காயவைத்த உழைப்பெல்லாம் அந்த ஒரு வாளித் தண்ணீரில் போய்விடும்.

வீட்டில் சுருங்கினது, நிறம் மாறினது, உடைந்தது, கசப்பது ஆகியவற்றைப் பொறுக்கி எறியுங்கள். நஞ்சில் பெரும்பங்கு அந்தச் சில பருப்புகளில்தான் குவிந்திருக்கும். வாயில் கசந்தால் விழுங்காமல் துப்பிவிடுங்கள்.

#14 பிள்ளைப்பேறு

உணவாகப் பேசும்போது ஒவ்வாமையையும் சொல்லிவிட வேண்டும். 2015இல் வெளியான லண்டன் ஆய்வில், கடுமையான தோல் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 கைக்குழந்தைகளில் ஒரு பாதிக்கு 11 மாதத்துக்குள் கடலை உணவு கொடுக்கத் தொடங்கினார்கள், மறுபாதிக்கு ஐந்து வயது வரை கொடுக்கவே இல்லை. கொடுத்த பக்கம் கடலை ஒவ்வாமை நூற்றுக்கு 80 அளவு குறைவு. தள்ளிவைப்பது காப்பு என்ற பழைய எண்ணம் அதோடு மாறியது. கடுமையான கரப்பான் உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். விழுதாக அரைத்து, கஞ்சியிலோ கூழிலோ இளக்கிக் கொடுங்கள். முழுப் பருப்போ பாதிப் பருப்போ ஐந்து வயதுக்குள் கையில் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழலில் சிக்கும்.

#15 செம்மண்காடு

எல்லோருக்கும் நன்றி. இரண்டு கேள்வி. இந்தக் காயை எப்போது பிடுங்குவது? இதிலேயே விதைக்கு எடுக்கலாமா?

#16 கொத்துக்களை

நாளைக் கணக்கு வைத்துப் பிடுங்க வேண்டாம். காட்டில் பத்து இடத்தில் ஒவ்வொரு செடி எடுத்து எல்லாக் காயையும் உடைத்து ஓட்டின் உள்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் இளசு, பழுப்புப் படர்ந்து கறுத்தால் முற்றல். நூற்றுக்கு 75 கறுத்திருந்தால் பிடுங்கலாம். வெளி ஓட்டைக் கத்தியால் லேசாகச் சுரண்டினாலும் மஞ்சள், செம்மஞ்சள், பழுப்பு, கறுப்பு என்று வரிசையாகத் தெரியும். உங்களுடையது கொத்தாக நிமிர்ந்து வளரும் ரகம், கொத்துக்கடலை. படர்ந்து வளரும் கொடிக்கடலை மாதிரி விதை உறக்கம் அதற்கு நீளாது. முற்றின பிறகு காட்டில் விட்டு ஒரு மழை பிடித்தால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். விழுதும் நைந்து, இழுக்கும்போது காய் மண்ணில் நின்றுவிடும். பிடுங்குவதற்கு முந்தின நாள் லேசாகத் தண்ணீர் விட்டு மண்ணை இளக்கிக்கொள்ளுங்கள்.

விதைக்கு வேண்டாம். முளைக்கரு கறுத்த பருப்பு முளைத்தாலும் நாற்று திடமாக வராது. வெளியிலிருந்து பார்த்தால் கறுத்ததும் நல்லதும் ஒன்றுபோலத்தான் இருக்கும், பிரித்தெடுக்க வழியில்லை. வேறு காட்டுக் காயாக வாங்குங்கள். பருப்பாக வாங்காமல் காயாக வாங்கி, விதைப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது கையால் உடையுங்கள். இயந்திரத்தில் உடைத்தால் தோல் கிழிந்து, மண்ணில் அழுகும். ஏக்கருக்கு 50 கிலோ பருப்பு. கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா (அழுகல் நோயைத் தடுக்கும் நன்மைப் பூசணம்), அதன்பிறகு ஆறின கஞ்சியில் ரைசோபியம் (வேர் முண்டில் தழைச்சத்துப் பிடிக்கும் நுண்ணுயிர்) கலந்து புரட்டி நிழலில் உலர்த்தி, வரிசைக்கு ஒரு அடி, செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர், ஆழம் 4, 5 சென்டிமீட்டர்.

வாங்கும்போது மூட்டையின் நடுவிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து உடைத்து, இருபது பருப்பைப் பிளந்து முளைக்கருவைப் பாருங்கள். இரண்டுக்கு மேல் கறுத்திருந்தால் வேறு மூட்டை கேளுங்கள்.

#17 செம்மண்காடு

இன்று பத்துச் செடி பார்த்தேன். நூற்றுக்கு 60தான் கறுத்திருக்கிறது. நாலு நாள் கழித்து மறுபடி பார்க்கிறேன். அடுத்த பட்டத்துக்கு 160 கிலோ ஜிப்சம் சொல்லி வைத்தாயிற்று.

#18 உரக்கணக்கு

வந்ததும் 80 கிலோவைத் தனி மூட்டையாகக் கட்டி, அதன் மேலேயே 42ஆம் நாளின் தேதியை எழுதி வையுங்கள் அண்ணா. மழை நனையாத இடமாகப் பார்த்து வையுங்கள், நனைந்தால் கட்டி தட்டித் தூவ வராது.